புராசசர் வடிவமைக்கக் கற்ற 14 மாதங்கள்: காசும் நேரமும் எங்கே போயின

வேலைக்குப் போய்க்கொண்டே, மாலையிலும் சனிக்கிழமையிலும் மட்டும் உட்கார்ந்து, சொந்தமாக ஒரு புராசசரை வடிவமைத்து அதில் ஒரு சி நிரலை ஓட்டிப் பார்க்க எனக்கு 14 மாதம் பிடித்தது. அதில் எட்டு மாதம் வீண். கைக்காசு 946 சிங்கப்பூர் வெள்ளி போனது, ஸ்கில்ஸ்ஃபியூச்சர் (பயிற்சி வகுப்புகளுக்கு அரசு தரும் தொகை) கணக்கிலிருந்த 500 வெள்ளியும் கூடவே போனது. கடைசியில் வேலையை முடித்துக்கொடுத்த போர்டின் விலை 27 வெள்ளி. இந்தக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. யாராவது ஒருவர் முன்னாலேயே வரிசையைச் சொல்லியிருந்தால் போதும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். (செயலி என்று நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறது. ஆனால் அது இப்போது கைப்பேசி ஆப்புக்குப் போய்விட்டது. அதனால் புராசசர் என்றே வைத்துக்கொள்கிறேன்.)

முதல் தவறு வகுப்பு. சில்லுத் துறை என்றாலே எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து, வாரயிறுதியில் நடந்த ஒரு குறைக்கடத்தி அறிமுக வகுப்பில் சேர்ந்தேன். கட்டணம் 720 வெள்ளி. 500 ஸ்கில்ஸ்ஃபியூச்சரில் கழிந்தது, மீதி 220 கையிலிருந்து. நான்கு சனிக்கிழமையும் வேஃபர் (சில்லுகள் செய்யும் சிலிக்கான் வட்டு), ஒளிப்பதிப்பு, பொறித்தல், தூய்மை அறை விதிகள். உட்லண்ட்ஸ், தெம்பனிஸ், பாசிர் ரிஸ் வட்டாரங்களில் வேஃபர் ஆலைப் பூங்காக்கள் இருக்கும் ஊரில் அது பயனுள்ள வகுப்புதான், ஆலையில் வேலைக்குப் போகிறவருக்கு. புராசசருக்குள் என்ன நடக்கிறது என்று அறிய வந்தவனுக்கு அது சமையல் கற்க வந்து அடுப்பு வார்ப்பதைப் பார்த்த கதை. நீங்கள் சேருமுன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கி மூன்று சொற்களைத் தேடுங்கள்: வெரிலாக் (மின்சுற்றை எழுத்தில் விவரிக்கும் மொழி), சிமுலேஷன் (அதைக் கணினியிலேயே ஓட்டிப் பார்ப்பது), டெஸ்ட்பெஞ்ச் (அதைச் சோதிக்கும் நிரல்). மூன்றும் இல்லையென்றால் அது வேறு வகுப்பு. அந்த 500 வெள்ளித் தொடக்கத் தொகை 25 வயதானவர்களுக்குக் கொடுத்தது, ஆண்டுதோறும் நிரம்புவது அல்ல. யோசித்துச் செலவழியுங்கள்.

அடுத்த மூன்று மாதம் படித்தேன். படித்தது எல்லாம் புரிந்தது, அதுதான் சிக்கலே. ஐந்து நிலைப் பைப்லைன் (ஒரு கட்டளை முடியுமுன்னே அடுத்ததைத் தொடங்கி, கட்டம் கட்டமாக ஓட்டும் முறை) படத்தைப் பார்த்தால் தலையாட்டத் தோன்றும். வெற்றுத் தாளில் வரையச் சொன்னால் கை ஓடாது. இதற்கு மேல் இன்னொரு குழப்பம்: பாதிக் குறிப்பு மிப்ஸ், பாதி ரிஸ்க்-ஃபைவ். இரண்டும் கட்டளைத் தொகுதிகள், அதாவது புராசசருக்குப் புரியும் கட்டளைகளின் பட்டியல்கள். பழைய பாடங்களும் பல பல்கலைக்கழக விரிவுரைகளும் மிப்ஸில் இருக்கும். ரிஸ்க்-ஃபைவ் 2010இல் பெர்க்லியில் தொடங்கியது. இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி போல இருப்பதால் கலந்து படித்தால் என்ன என்று தோன்றும். கலக்காதீர்கள். மிப்ஸில் நிபந்தனைத் தாவலின் (நிபந்தனை பொருந்தினால் வேறு கட்டளைக்குப் போவது) தூரத்தை அடுத்த கட்டளையின் முகவரியிலிருந்து, அதாவது பிசி (ஓடும் கட்டளையின் முகவரி) கூட்டல் 4இலிருந்து எண்ணுவார்கள். ரிஸ்க்-ஃபைவில் தாவல் கட்டளையின் சொந்த முகவரியிலிருந்து எண்ணுவார்கள். என் தாவல்கள் எல்லாம் நான்கு பைட் தள்ளியே போய் விழுந்தன. மிப்ஸில் தாவலுக்கு அடுத்த கட்டளை எப்படியும் ஓடும் என்ற பழைய விதி வேறு இருக்கிறது, ரிஸ்க்-ஃபைவில் அது கிடையாது. இன்று தொடங்குபவர் ரிஸ்க்-ஃபைவ் ஒன்றையே பிடித்துக்கொள்ளலாம். அதிலும் ஆர்வி32ஐ என்ற அடிப்படைத் தொகுதி மட்டும். மொத்தம் 40 கட்டளைகள், 32 ரெஜிஸ்டர்கள் (புராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவிடங்கள்), அவற்றில் எக்ஸ்0 எப்போதும் சுழி. பெருக்கல்கூடக் கிடையாது. போதும்.

பணம் போன பெரிய ஓட்டை போர்டுதான். படித்தது கையில் வரவில்லையே என்ற ஆற்றாமையில், பொருள் வாங்கினால் வேகம் வரும் என்று நினைத்தேன். ஏஆர்எம் கோர்கள் (தயார்ப் புராசசர்கள்) இரண்டு உள்ளேயே இருக்கும் ஸிங்க் வகை எஃப்பிஜிஏ (உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சில்லு) போர்டு ஒன்றை வெளிநாட்டிலிருந்து தருவித்தேன். போர்டு 389, அனுப்புகூலி 28, ஆக 417 வெள்ளி. இங்கே கவனியுங்கள்: விமானத்திலோ அஞ்சலிலோ வரும் பொருளுக்கு எல்லை 400 வெள்ளி, அது அனுப்புகூலியும் காப்புறுதியும் சேர்த்த மதிப்பு. தாண்டினால் நாட்டுக்குள் நுழையும்போதே 9 விழுக்காடு பொருள் சேவை வரி. எனக்கு 37.53 வெள்ளி வரி, அதைக் கூரியர் முன்பணமாகக் கட்டியதற்கு ஏறக்குறைய 21 வெள்ளி கட்டணம். 400க்குள் இருந்தாலும் வரியில்லை என்று நினைக்க வேண்டாம். 2023 முதல், இங்கே பதிவு செய்துள்ள வெளிநாட்டு விற்பனையாளர்கள் விற்கும்போதே வரியைச் சேர்த்து வாங்கிவிடுவார்கள். ஆனால் அந்தக் கூரியர் கட்டணத்திலிருந்தாவது தப்பலாம்.

பெட்டியைப் பிரித்த பிறகுதான் மற்றவை தெரிந்தன. அந்தச் சில்லுக்கான விவாடோ மென்பொருள் மேக்கில் ஓடாது, விண்டோஸ் அல்லது லினக்ஸ் வேண்டும். வட்டில் பல பத்து கிகாபைட் இடம் கேட்கும். 380 வெள்ளிக்குப் பழைய மடிக்கணினி, 110 வெள்ளிக்கு எஸ்எஸ்டி. இவ்வளவுக்கும் பிறகு என் புராசசரிலிருந்து ஒரே ஓர் எழுத்தைக் கணினித் திரைக்கு அனுப்ப முயன்றபோது அடுத்த இடி. என் போர்டில் யுஎஸ்பி வழி சீரியல் இணைப்பு ஏஆர்எம் பக்கத்துக் கால்களில்தான் கட்டப்பட்டிருந்தது. நான் வடிவமைப்பது எஃப்பிஜிஏ பக்கத்தில். அங்கிருந்து அந்த இணைப்பை நேராகத் தொட முடியாது. போர்டின் மேல் குறை இல்லை, அது அந்த வேலைக்கான போர்டு இல்லை, அவ்வளவுதான். ஜாலான் புசாரில் சிம் லிம் டவருக்குப் போய் தனியாக ஒரு யுஎஸ்பி-சீரியல் அடாப்டர் வாங்கி வெளிக்கால்களில் செருகினேன். (சிம் லிம் ஸ்குவேர் அல்ல, டவர். உதிரிப் பாகம் என்றால் டவர்தான்.) அடாப்டரில் 3.3க்கும் 5 வோல்ட்டுக்கும் மாற்றும் ஜம்பர் இருந்தால், செருகுமுன் 3.3இல் இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்பிஜிஏ கால்கள் 5 வோல்ட் தாங்காது. இதை நான் செருகுவதற்கு முன் பார்த்தேன். 14 மாதத்தில் நான் முன்கூட்டியே செய்த ஒரே புத்திசாலித்தனம்.

வெரிலாக் பக்கம் வருவோம். எனக்கு நிரல் எழுதத் தெரியும், அதுவே தடை. நிரலில் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். வெரிலாகில் நீங்கள் எழுதுவது கம்பியும் தர்க்கக் கதவும், எல்லாம் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும். கிளாக் (எல்லாவற்றையும் ஒத்து நடத்தும் துடிப்பு) விளிம்பில் மாறுபவற்றுக்கு `<=`, கிளாக் இல்லாத கூட்டுத் தர்க்கத்துக்கு `=`. இரண்டையும் ஒரே பிளாக்கில் கலந்தால் சிமுலேஷன் ஒன்று சொல்லும், போர்டு வேறொன்று செய்யும். கூட்டுத் தர்க்கத்தில் ஏதாவது ஒரு நிபந்தனைக்கு மதிப்புக் கொடுக்க மறந்தால், பழைய மதிப்பைப் பிடித்துக்கொள்ள ஒரு லாட்ச் தானாக முளைக்கும். பிளாக்கின் முதல் வரியிலேயே எல்லா வெளியீட்டுக்கும் ஓர் இயல்பு மதிப்பைக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை போகும். இன்னொன்று: கம்பியின் பெயரைத் தவறாகத் தட்டினால் வெரிலாக் திட்டாது, அந்தப் பெயரில் ஒரு பிட் அகலத்தில் புதுக் கம்பி ஒன்றைச் சத்தமில்லாமல் செய்துகொடுக்கும். 32 பிட் முகவரியில் 31 பிட் காணாமல் போகும். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் 'டீஃபால்ட் நெட்டைப் நன்' என்ற வரியைப் போட்டுவிடுங்கள், தவறான பெயர் பிழையாக வந்து நிற்கும்.

நினைவகத்தில் பட்டதைச் சொல்லியே ஆக வேண்டும். 64 கிலோபைட் நினைவகத்தை ஒரு அணியாக எழுதி, ரீசெட் வந்தால் முழுவதையும் சுழியாக்க ஒரு ஃபார் சுற்றும் எழுதியிருந்தேன். நிரலில் அது நல்ல பழக்கம். சிந்தசிஸைத் (வெரிலாகைச் சில்லின் சுற்றாக மாற்றும் வேலை) தட்டிவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, மடிக்கணினி இட்லிச் சட்டி போலக் கொதித்தது. காரணம் எளிது. சில்லுக்குள் தயாராக இருக்கும் பிளாக் ரேமுக்கு எல்லா இடத்தையும் ஒரே துடிப்பில் அழிக்கும் வசதி கிடையாது. அதனால் கருவி என் அணியைத் தனித்தனி ஃபிளிப்-ஃபிளாப்புகளாகக் (ஒரு பிட் வைக்கும் சுற்றுகள்) கட்ட முயன்றது. 64 கிலோபைட் என்றால் 524,288 பிட். என் போர்டின் சில்லில் இருந்தது 106,400 ஃபிளிப்-ஃபிளாப். ரீசெட் சுற்றை நீக்கியதும் நிமிடங்களில் முடிந்தது. நினைவகத்தை ரீசெட் செய்யாதீர்கள். தொடக்க மதிப்பு வேண்டுமென்றால் கோப்பிலிருந்து ஏற்றுங்கள்.

இரண்டு வாரம் தின்ற இன்னொரு பிழை, வலப்புற நகர்வு. ஒரே வரியில் `? :` போட்டு, எண்கணித நகர்வு என்றால் குறியுள்ளதாக மாற்றிய எண்ணை `>>>`, இல்லையென்றால் அதே எண்ணை வெறும் `>>` என்று எழுதியிருந்தேன். மைனஸ் 8ஐ ஓரிடம் நகர்த்தினால் மைனஸ் 4 வர வேண்டும். வந்தது 2147483644. வெரிலாக் விதிப்படி ஒரு கோவையில் ஓர் உறுப்பு குறியற்றது என்றால் கோவை முழுவதும் குறியற்றதாகிவிடும். `:`க்கு அந்தப் பக்கம் இருந்த குறியற்ற நகர்வு, இந்தப் பக்கம் இருந்ததையும் கெடுத்துவிட்டது. எண்கணித நகர்வைத் தனிக் கம்பியில் கணக்கிட்டு, பிறகு தேர்ந்தெடுங்கள். கண்ணால் ஆயிரம் தடவை பார்த்தாலும் அந்த வரி சரியாகவே தெரியும்.

ஐந்தாவது மாத முடிவில் என் புராசசர் ஓடியது. ஒன்றிலிருந்து பத்து வரை கூட்டி 55 காட்டியது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். உண்மையில் அதில் குறைந்தது ஏழு பிழை இருந்தது, பிறகு எண்ணியதில் தெரிந்தது. இங்கேதான் நான் எழுத வந்த விஷயமே இருக்கிறது: புராசசர் வடிவமைப்பதில் கடினமானது வடிவமைப்பு அல்ல, அது சரியாக ஓடுகிறது என்று எப்படித் தெரியும் என்பது. நான் சிமுலேஷன் காட்டும் அலைவடிவத்தைக் கண்ணால் பார்த்து, சரியாகத்தான் தெரிகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஓர் உதாரணம் போதும். ரிஸ்க்-ஃபைவ் நிபந்தனைத் தாவலில் தூரத்தின் பிட்டுகள் சிதறிக் கிடக்கும். கட்டளையின் 31ஆவது பிட்டில் தூரத்தின் 12ஆவது பிட், 30 முதல் 25 வரை அதன் 10 முதல் 5, 11 முதல் 8 வரை அதன் 4 முதல் 1, 7ஆவது பிட்டில் தூரத்தின் 11ஆவது பிட். பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், காரணம் உண்டு. ரெஜிஸ்டர் எண்கள் எல்லா வகைக் கட்டளையிலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், குறிப் பிட் (பிளஸ் மைனஸ் காட்டுவது) எப்போதும் 31இல் இருக்க வேண்டும், அப்போதுதான் கட்டளை எது என்று முழுக்கப் புரியுமுன்னே ரெஜிஸ்டரைப் படிக்கத் தொடங்கலாம். நான் அந்த 7ஆவது பிட்டைக் கவனிக்காமல், தூரத்தின் 11ஆவது பிட்டுக்கும் குறிப் பிட்டையே நகலெடுத்திருந்தேன். மைனஸ் 2048 முதல் 2047 வரை இருக்கும் தூரங்களுக்கு அந்த இரண்டும் ஒன்றாகவேதான் இருக்கும். அதனால் சின்ன நிரல்கள் அனைத்தும் அருமையாக ஓடின. இரண்டு கிலோபைட்டைத் தாண்டித் தாவும் நிரல் வந்த அன்று, காரணமே தெரியாமல் எங்கோ போய் விழுந்தது. கம்பைலரில் (சி நிரலைக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) பிழை என்றே ஒரு வாரம் நம்பினேன். கம்பைலரைச் சந்தேகிக்கத் தோன்றினால் முகம் கழுவிவிட்டு வந்து உங்கள் வெரிலாகைப் பாருங்கள்.

அதன் பிறகு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். சி மொழியில் ஒரு எமுலேட்டர், அதாவது புராசசர் செய்ய வேண்டியதை அப்படியே செய்துகாட்டும் நிரல். ஆர்வி32ஐ மட்டும் என்றால் 250 முதல் 300 வரி, இரண்டு வாரயிறுதி வேலை. ஒரு பெரிய ஸ்விட்ச், ஒவ்வொரு கட்டளைக்கும் இரண்டு மூன்று வரி. எக்ஸ்0இல் எழுதுவதைத் தூக்கி எறிய வேண்டும், நகர்வு அளவில் கீழ் ஐந்து பிட்டை மட்டும் எடுக்க வேண்டும், ஜேஏஎல்ஆர் என்ற தாவல் கட்டளை கணக்கிட்ட முகவரியின் கடைசி பிட்டைச் சுழியாக்க வேண்டும். இந்த எமுலேட்டர் ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் ஒரு வரி எழுதும்: பிசி, கட்டளை, எந்த ரெஜிஸ்டர், என்ன மதிப்பு. நினைவகத்தில் எழுதினால் முகவரியும் தரவும் உண்டு. இந்தக் கடைசியை நான் முதலில் விட்டுவிட்டேன். தவறாக எழுதப்பட்ட ஒரு பைட், பல ஆயிரம் வரி தாண்டித் திரும்பப் படிக்கும்போதுதான் வெளியே தெரிந்தது. வெரிலாக் பக்கமும் இதே வடிவில் வரி எழுத வையுங்கள். இரண்டு கோப்பையும் டிஃப் (வரிக்கு வரி ஒப்பிடும் கருவி) போட்டால் முதலில் வேறுபடும் வரியில் உங்கள் பிழை நிற்கும். ஐந்து மாதத்தில் காணாத பிழைகளை மூன்று வாரத்தில் பிடித்தேன். எமுலேட்டரையே எப்படி நம்புவது என்று கேட்டால், அதை ஸ்பைக் என்ற ரிஸ்க்-ஃபைவ் மாதிரிச் சிமுலேட்டரோடு அதே முறையில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நேராக ஸ்பைக்கையே பயன்படுத்தலாமே என்றால், பயன்படுத்தலாம். ஆனால் எமுலேட்டர் எழுதும்போது கட்டளைத் தொகுதி மனதில் பதிகிற அளவுக்கு எந்தப் புத்தகமும் பதிய வைக்காது. ஐகாரஸ் வெரிலாக், வெரிலேட்டர் என்ற சிமுலேட்டர்கள், அலைவடிவம் காட்டும் ஜிடிகேவேவ், மூன்றும் இலவசம், மேக்கிலும் ஓடும். இதுவரை சொன்ன எதற்கும் போர்டு தேவையே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

தயாராக இருக்கும் ரிஸ்க்-ஃபைவ் சோதனை நிரல்களையும் ஓட்டுங்கள், ஏறக்குறைய ஒவ்வொரு கட்டளைக்கும் ஒன்று உண்டு. ஆனால் வெறும் ஆர்வி32ஐ புராசசரில் அவை முதல் அடியிலேயே விழும். சோதனை தொடங்குமுன் ஓடும் முன்னுரைப் பகுதி, இது எத்தனையாவது கோர் என்ற கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரைப் படிக்கும், பொறி முகவரியை (பிழை வந்தால் போக வேண்டிய இடம்) அமைக்கும், எம்ரெட் கட்டளையால் சோதனைக்குள் நுழையும். இவை எதுவும் அந்த 40இல் கிடையாது. இது தெரியாமல் சோதனை தவறா நான் தவறா என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். அந்த முன்னுரைத் தலைப்புக் கோப்பை மட்டும் உங்கள் சொந்தக் கோப்பால் மாற்றினால் போதும். பிகோஆர்வி32 என்ற சிறிய திறந்தமூலப் புராசசர் அப்படித்தான் செய்திருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். தோற்கும் சோதனையில் எக்ஸ்3 ரெஜிஸ்டரைப் பாருங்கள். எத்தனையாவது கேள்வியில் தோற்றது என்ற எண் அதில் இருக்கும்.

கம்பைலர் பக்கம் மூன்று விஷயம், சுருக்கமாக. கட்டமைப்பு ஆர்வி32ஐ என்றும் ஏபிஐ (செயற்கூறுகள் ரெஜிஸ்டர்களைப் பகிரும் விதி) ஐஎல்பி32 என்றும் நீங்களே சொல்லாவிட்டால், பல கம்பைலர்கள் 16 பிட் சுருக்கக் கட்டளைகளைக் கலந்துவிடும், உங்கள் பிசி நான்கு நான்காகக் கூடிக்கொண்டிருக்கும். ஸ்டாக் பாயிண்டரை (செயற்கூறுகளின் தற்காலிக நினைவகம் எங்கே என்று காட்டும் ரெஜிஸ்டர்) அமைக்கும் தொடக்க அசெம்பிளி நான்கைந்து வரி நீங்களே எழுத வேண்டும். மறந்தால் முதல் செயற்கூறே சுழியிலிருந்து 16ஐக் கழித்து, நினைவகத்துக்கு வெளியே எழுதப் போகும். சி நிரலில் ஒரு பெருக்கல் வந்தால் லிங்கர் ஏதோ ஒரு செயற்கூறைக் காணவில்லை என்று புலம்பும், கம்பைலரோடு வரும் லிப்ஜிசிசி நூலகத்தை இணைத்தால் அடங்கும். கையால் அசெம்பிளி எழுதுகிறவர்களுக்கு ஒன்று: 12345900 என்ற பதினாறடிமான எண்ணை ரெஜிஸ்டரில் ஏற்ற, மேல் 20 பிட்டை ஏற்றும் லூயி கட்டளையில் 12345 போட்டால் தவறு, 12346 போட வேண்டும். கீழ்ப் பன்னிரண்டு பிட்டான 900 குறியுள்ளதாகப் படிக்கப்பட்டு மைனஸ் 1792 ஆகிவிடும் என்பதால் மேலே ஒன்றைக் கூட்டிக்கொள்கிறோம்.

புத்தகங்களில் முதலில் வருவது ஒற்றைத் துடிப்புப் புராசசர், ஒரே கிளாக்கில் ஒரு கட்டளை முழுவதும். அதைப் படியுங்கள், போர்டில் கட்ட முயலாதீர்கள். அந்தப் படத்தில் நினைவகத்துக்கு முகவரி கொடுத்த கணமே தரவு வந்துவிடும். எஃப்பிஜிஏயின் பிளாக் ரேம் அப்படி இல்லை, முகவரியை இந்தத் துடிப்பில் கொடுத்தால் தரவு அடுத்த துடிப்பில்தான். கட்டளை எடுப்பதில் பிசிக்குப் பதில் அடுத்த பிசியை ரேமுக்குக் கொடுத்துச் சமாளிக்கலாம். நினைவகத்தைப் படிக்கும் லோடு கட்டளையில் முகவரியே கூட்டிய பிறகுதான் தெரியும், அங்கே தந்திரம் செல்லாது. ஆகவே கட்டளைக்கு நான்கு துடிப்பு எடுக்கும் பல்துடிப்பு வடிவத்தை முதலில் கட்டுங்கள். அழகாக இருக்காது. ஆனால் ஒவ்வொரு நிலையும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும், பிறகு பைப்லைனாக மாற்றும்போது அந்தத் துண்டுகளே உதவும்.

பைப்லைனில் என்னை மிகவும் அலைக்கழித்தது எக்ஸ்0. டிஃப் காட்டிய இடம் இது: 140 என்ற முகவரியில் (பதினாறடிமானம்) ஒரு வெறும் தாவல், அது 160க்குப் போகிறது. 160இல் இருந்தது எக்ஸ்10இல் சுழியை ஏற்றும் கட்டளை. எமுலேட்டர் எக்ஸ்10இல் 0 என்றது. என் புராசசர் 144 என்றது. சுழியை ஏற்று என்றால் 144 எங்கிருந்து வரும்? வெறும் தாவல் என்பது ரிஸ்க்-ஃபைவில் தனிக் கட்டளை அல்ல, திரும்பும் முகவரியை எக்ஸ்0இல் எழுதும் ஜேஏஎல்தான். எக்ஸ்0இல் எழுதினால் அது காணாமல் போகும் என்பதே ஏற்பாடு. 140 கூட்டல் 4, அதாவது 144, பைப்லைனில் பயணம் செய்துகொண்டிருந்தது. நான் ஜேஏஎல்லை டீகோட் (கட்டளையைப் பிரித்தறியும்) நிலையிலேயே தீர்த்துவிடுவதால் நடுவில் ஒரு கட்டளைதான் வீணாகும். அதனால் 160இல் இருந்த கட்டளை எக்ஸிகியூட்டுக்கு (கணக்கிடும் நிலை) வரும் துடிப்பில் ஜேஏஎல் ரைட்பேக்கில் (ரெஜிஸ்டரில் எழுதும் கடைசி நிலை) நின்றது. ஃபார்வர்டிங் (ரெஜிஸ்டரில் எழுதப்படுமுன்னே மதிப்பை அடுத்த கட்டளைக்குக் கொடுப்பது) தர்க்கம் பார்த்தது: இவன் எக்ஸ்0ஐப் படிக்கிறான், அவன் எக்ஸ்0இல் எழுதுகிறான், எண் பொருந்துகிறது, கொடு. ஒரே ஒரு நிபந்தனை, எழுதும் ரெஜிஸ்டர் சுழி அல்ல என்பது, விட்டுப்போயிருந்தது. ரெஜிஸ்டர் கோப்பில் அதைச் சரியாகத்தான் எழுதியிருந்தேன், ஃபார்வர்டிங் அந்தக் கோப்பைத் தாண்டிக் குறுக்கே போகிறது என்பது உறைக்கவில்லை.

இந்தப் பகுதிக்கு நீங்களே சின்னச் சின்ன அசெம்பிளிச் சோதனைகள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதிய கட்டளைக்கு ஒன்று, இரண்டு, மூன்று இடம் தள்ளிப் படிப்பது, முதல் மூலத்துக்கும் இரண்டாம் மூலத்துக்கும் தனித்தனியாக, ஆக ஆறு. மூன்று இடம் தள்ளியதுதான் பலரும் மறப்பது, எழுதுவதும் படிப்பதும் ஒரே துடிப்பில் ரெஜிஸ்டர் கோப்பில் மோதும் இடம் அது. அடுத்தடுத்து இரண்டு கட்டளை ஒரே ரெஜிஸ்டரில் எழுதினால் பிந்தியதுதான் ஜெயிக்க வேண்டும். லோடுக்கு அடுத்த கட்டளையே அந்த மதிப்பைக் கேட்டால் ஒரு துடிப்பு நிறுத்த வேண்டும். ஸ்டோர் கட்டளையின் தரவுக்கும் ஃபார்வர்டிங் வேண்டும், முகவரிக்கு மட்டும் போதாது. நிறுத்தமும் தாவல் அழிப்பும் ஒரே துடிப்பில் வந்தால் அழிப்புக்கே முன்னுரிமை. அழிக்கும்போது கட்டளையை மட்டும் அல்ல, ரெஜிஸ்டரிலும் நினைவகத்திலும் எழுதும் அனுமதி பிட்டுகளையும் சுழியாக்குங்கள்.

இதையெல்லாம் முடித்த பிறகுதான் டாங் நானோ 9கே என்ற அந்த 27 வெள்ளி எஃப்பிஜிஏ போர்டை வாங்கினேன். 8,640 லட் (தர்க்கம் அமைக்கும் சிறு அட்டவணை), 26 பிளாக் ரேம், 27 மெகாஹெர்ட்ஸ் படிகம், யுஎஸ்பியிலேயே புரோகிராமரும் சீரியல் இணைப்பும். 32 கிலோபைட் நினைவகத்துக்கு 16 பிளாக் போதும். யோசிஸ், நெக்ஸ்ட்பிஎன்ஆர் என்ற இலவசக் கருவிகள் கொண்டு மேக்கிலேயே கட்டி ஏற்றலாம். ஸிங்க் போர்டைக் கரோசல் என்ற பழைய பொருள் விற்கும் தளத்தில் 240 வெள்ளிக்குத் தள்ளிவிட்டேன். சிமுலேஷனில் தேறியது போர்டில் முதல் நாளே ஓடவில்லை, காரணம் மூன்று. அந்தப் போர்டின் விளக்குகள் சுழி அனுப்பினால்தான் எரியும், பொத்தானை அழுத்தினால் சுழிதான் வரும். என் ரீசெட் தலைகீழாக இருந்தது. இரண்டாவது, பொத்தானும் சீரியல் உள்ளீடும் கிளாக்கோடு ஒத்து வராதவை, இரண்டு ஃபிளிப்-ஃபிளாப் வரிசையாகக் கடந்த பிறகே உள்ளே விட வேண்டும். விடாவிட்டால் பத்துக்கு ஒரு தடவை மட்டும் தப்பாக ஓடும், அதைத் தேடுவது நரகம். மூன்றாவது, சிமுலேஷனில் மதிப்பிடாத ஒரு ரெஜிஸ்டர் எக்ஸாக, அதாவது தெரியாத மதிப்பாக, இருக்கும். இஃப் நிபந்தனையில் எக்ஸ் வந்தால் வெரிலாக் அதைப் பொய் என்று எடுத்துக்கொண்டு எல்ஸ் வழியே போகும். எனக்குச் சாதகமாக அது எல்ஸில் போய்க்கொண்டிருந்தது. போர்டில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. சீரியல் வேகத்துக்கு 27,000,000ஐ 115,200ஆல் வகுத்தால் 234.375, 234 என்று வைத்தால் பிழை 0.16 விழுக்காடு, கவலையில்லை.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் ஐந்து நிலை என்றால் ஐந்து மடங்கு என்று நானும் நம்பினேன். துடிப்புகளை எண்ண ஒன்றும் முடிந்த கட்டளைகளை எண்ண ஒன்றுமாக இரண்டு கவுண்டரை உள்ளே வைத்து அளந்தேன். பல்துடிப்பு வடிவம் கட்டளைக்கு 4 துடிப்பு. பைப்லைன் என் சோதனை நிரலில் 1.35. லோடுக்காக நின்றதும், தாவல் எக்ஸிகியூட்டில் தீர்வதால் வீணான இரண்டிரண்டு கட்டளையும் சேர்ந்து அந்த 0.35. ஒரே 27 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு 67.5 லட்சம் கட்டளையிலிருந்து 2 கோடிக்கு வந்தது, மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. பிறகு ஆசையில் இரண்டு பிட் தாவல் கணிப்பு (தாவுமா தாவாதா என்று முன்கூட்டியே ஊகிப்பது) ஒன்றைச் சேர்த்தேன். 1.35 என்பது 1.24 ஆனது. ஆனால் கணிப்பு அட்டவணையிலிருந்து அடுத்த பிசிக்குப் போகும் பாதை நீண்டு, கருவி 25.8 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் உறுதி தர மறுத்தது. படிகம் 27. இப்போதைக்கு அதைக் கழற்றி, நிரல் சேமிப்பின் ஒரு தனிக் கிளையில் வைத்திருக்கிறேன்.